பசலை அல்ல

‘இது உன் கதை, படி’ என்று முதல் பக்கத்தில் எழுதி என் தோழி அந்தப் புத்தகத்தைத் தந்தாள். கனடாவைச் சேர்ந்த மருத்துவர் காபோர் மாட்டே எழுதிய ‘வென் த பாடி சேஸ் நோ’. 2003இல் வந்தது. தூத்துக்குடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவது வழக்கம். அந்த மாதத்துக்கு இதுதான். ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரியாத பெண்களைப் பற்றி மாட்டே எழுதியிருக்கிறார் என்று சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தோம். ஒரு மணி நேரத்தில் பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தார்கள்.

நான் அழவில்லை. ஏன் என்று அன்று கேட்டவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

புத்தகத்தின் வாதம் எளிமையானது. பிறர் தேவையைத் தன் தேவைக்கு முன்னால் வைப்பவர்கள், கோபத்தை விழுங்குபவர்கள், நல்லவர் என்று பெயர் எடுத்தவர்கள், இவர்களைத்தான் சில நோய்கள் தேடி வருகின்றன. அழுத்திவைத்த உணர்ச்சி உடலின் எதிர்ப்பாற்றலைக் குழப்புகிறது. தன்னைக் காக்க வேண்டிய அணுக்கள் தன்னையே தாக்கத் தொடங்குகின்றன. வாய் சொல்லாத மறுப்பை உடம்பு சொல்லிவிடுகிறது. முதல் அத்தியாயம் மேரி என்ற பூர்வகுடிப் பெண்ணோடு தொடங்குகிறது. அவருக்குத் தோல் இறுகிக் கெட்டியாகும் ஸ்கிளீரோடெர்மா. வளர்ப்பு வீடுகளில் கொடுமை அனுபவித்தவர், சின்ன வயதிலேயே தங்கைகளைக் காக்கும் பொறுப்பைத் தோளில் ஏற்றவர். அடுத்து செல்லோ இசைக்கலைஞர் ஜாக்குலின் து ப்ரே வருகிறார். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். மாட்டே நல்ல எழுத்தாளர். நோயாளியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர் என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. நோயாளிமேல் பழி போடவில்லை என்றும் அவர் சொல்கிறார்.

எங்கள் வட்டத்தில் ஒருத்திக்குத் தைராய்டு, ஒருத்தியின் அம்மாவுக்கு முடக்குவாதம், ஒருத்தியின் அக்காவுக்குச் சோரியாசிஸ். முப்பது வருஷம் மாமியாருக்கும் புருஷனுக்கும் பிள்ளைகளுக்கும் பொங்கிப் போட்டுத் தேய்ந்த கைகளை யாரோ ஒரு மருத்துவர் முதன்முறையாகப் பார்த்து, ‘உன் விரல் வளைந்ததற்கு இதுதான் காரணம்’ என்று சொன்னால் அழுகை வரத்தான் செய்யும். பெண்ணியம் பேசுகிற நமக்கு இதைவிட இனிப்பான விளக்கம் கிடைக்காது. ஆணாதிக்கம் நம் மூட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டது என்று சொல்லலாம். அதனால்தான் இந்தப் புத்தகத்தை நாம் இன்னும் கொஞ்சம் கறாராக வாசித்திருக்க வேண்டும்.

இந்த விளக்கத்தை நான் ஏற்கெனவே மூன்று வருஷம் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் யாரும் பெண்ணியவாதிகள் இல்லை. எனக்கு அப்போது 29 வயது. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. கல்லூரியில் முதல் வகுப்பில் சாக்பீஸ் கையை விட்டு நழுவும். வாய்க்குள் புண். சீப்பு நிறைய முடி. கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரில் போய்வந்தால் இரண்டு கன்னமும் மூக்குத் தண்டும் சிவந்து எரியும். முதலில் பார்த்த மருத்துவர் டென்ஷனைக் குறைக்கச் சொன்னார். அடுத்தவர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார், அதுவும் என்னிடம் இல்லை, பக்கத்தில் இருந்த அம்மாவிடம். அம்மா அத்தையிடம் போனில் பேசுவது எனக்குக் கேட்கும்: “மனசுல எதையோ போட்டு அமுக்கிக்கிட்டு இருக்கா மதினி, வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கா.” அம்மாவுக்கு மாட்டேயைத் தெரியாது. இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்.

கடைசியில் வேறொரு ஊரில், ஓர் அரசு மருத்துவமனையில், மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண் மருத்துவர் என் மனசைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. சிறுநீரைக் கேட்டார். அதில் புரதம் இறங்கியிருந்தது. பிறகு ஏ.என்.ஏ. பரிசோதனை, சிறுநீரகத்தில் ஊசி போட்டு எடுத்த சதைத்துணுக்கு. லூபஸ் சிறுநீரகம்வரை போயிருந்தது. எனக்குள் எதை அமுக்கி வைத்திருக்கிறேன் என்று தேடிய மூன்று வருஷமும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

நான் தமிழ் கற்பிப்பவள். அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் மிகவும் ரசிக்கும் இடம் பசலை. தலைவன் பிரிந்துபோனான், தலைவியின் மேனி நிறம் மாறியது, தோள் மெலிந்தது, வளை நெகிழ்ந்தது. அதற்கு முந்திய கட்டம் வெறியாட்டு. மகளின் உடம்பில் மாற்றத்தைப் பார்த்த தாய் கட்டுவிச்சியைக் கேட்கிறாள், வேலனை அழைக்கிறாள். அவன் கழங்கு போட்டுப் பார்த்து முருகன் அணங்கினான் என்கிறான். தாயும் வேலனும் ஏமாந்தவர்கள், உண்மை தெரிந்தவள் தோழி, அது காதல். இந்த முரணில்தான் அந்தப் பாடல்களின் அழகே இருக்கிறது. நானும் பத்து வருஷம் அப்படித்தான் நடத்தினேன். நோய் வந்த பிறகு ஒரு நாள் வகுப்பு நடுவில் சட்டென்று ஒன்று உறைத்தது. தாய்க்கும் தோழிக்கும் இடையில் சண்டை எந்தக் காரணம் சரி என்பதில் மட்டும்தான். பெண்ணின் தோல் நிறம் மாறினால் அதற்கு உள்ளே ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்றுதான் காரணம், அதைப் படித்துச் சொல்ல வேறொருவர் வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. அந்தப் பெண்ணுக்கு வெறும் காய்ச்சலாக இருக்கலாம் என்று இரண்டாயிரம் வருஷத்தில் எந்த உரைகாரருக்கும் தோன்றவில்லை.

கவிதையைக் குறை சொல்லவில்லை. கவிதைக்கு அந்த உரிமை உண்டு. பெண்ணுடம்பு என்றால் மனசின் மொழிபெயர்ப்பு என்று வாசிக்கும் பழக்கம் பாடலிலிருந்து இறங்கிக் குடும்பத்துக்குள்ளும் ஆஸ்பத்திரிக்குள்ளும் வரும்போதுதான் எனக்குச் சண்டை. என் விஷயத்தில் வளை நெகிழவும் இல்லை. மணிக்கட்டும் விரல் முட்டியும் வீங்கிக் கிடந்ததில் வளையல் ஏறவே இல்லை.

மாட்டேயின் புத்தகத்துக்கு வருகிறேன். அவருடைய ஆதாரம் பெரும்பாலும் அவர் பார்த்த நோயாளிகளும் பிரபலங்களின் வாழ்க்கை வரலாறுகளும். நோய் வந்தவர்களை உட்காரவைத்து உன் வாழ்க்கையில் கஷ்டம் உண்டா, பிறருக்காக உன்னை விட்டுக்கொடுத்தாயா என்று கேட்டால் எந்தப் பெண் இல்லை என்பாள்? திரேஸ்புரத்தில் வீடு வீடாகப் போய் நோயே இல்லாத நூறு பெண்களைக் கேளுங்கள், அதே பதில்தான் வரும். விட்டுக்கொடுப்பது நோயின் காரணம் என்றால் இந்த ஊரில் ஒரு பெண்கூட நடமாட முடியாது. இந்த எளிய ஒப்பீட்டைச் செய்யாமல் எழுதப்பட்ட கதைகள் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் காரணத்தை நிறுவ முடியாது. புற்றுநோய்க்கென்று ஒரு ‘குணம்’ இருக்கிறது, உணர்ச்சியை அடக்குபவர்களுக்குத்தான் அது வரும் என்ற பேச்சைத் தன் ‘இல்னஸ் ஆஸ் மெட்டஃபர்’ நூலில் சூசன் சொன்டாக் பிய்த்துப் போட்டது 1978இல். அவரும் அப்போது மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர். தன் கதையை அந்த நூலில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து அதே பேச்சு நோயின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது, இந்தத் தடவை நாம் கைதட்டியிருக்கிறோம்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மன அழுத்தத்துக்கும் இந்த நோய்களுக்கும் தொடர்பே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஸ்வீடனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2018இல் ஜாமா இதழில் வந்தது. பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மனநோய் போன்றவை கண்டறியப்பட்டவர்களுக்குப் பின்னாளில் தன்னெதிர்ப்பு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல் என்று அது காட்டியது. ஒப்பிட அவர்களுடைய உடன்பிறந்தவர்களையும் பொதுமக்களையும் எடுத்துக்கொண்டார்கள். இப்படிச் செய்தால் நான் கேட்பேன். ஆனால் அந்த ஆய்வு பேசுவது மருத்துவர் கண்டறிந்த மனநோயைப் பற்றி. நல்ல பெண்ணாக இருப்பதைப் பற்றி அல்ல. மேரி அனுபவித்த கொடுமைக்கும் அவர் குணத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தை மாட்டே பல இடங்களில் அழித்துவிடுகிறார். கொடுமை செய்தவன் பக்கத்திலிருந்து வெளியேறிவிடுகிறான், ‘மாட்டேன்’ சொல்லாத பெண் மட்டும் மிஞ்சுகிறாள்.

அப்படியென்றால் ஏன் பெண்களுக்கு? இந்த நோய்கள் வருபவர்களில் ஐந்தில் நான்கு பேர் பெண்கள் என்பது பொதுவான மதிப்பீடு. லூபஸில் ஒன்பது பெண்ணுக்கு ஓர் ஆண். இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவரை குணக் கதைகள் உள்ளே நுழைந்துகொண்டேதான் இருக்கும்.

பதிலின் ஒரு முனை 1961இல் இருக்கிறது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த வருஷம் அது. அதே வருஷம் மேரி லையன் என்ற ஆங்கிலேய மரபியலாளர், பெண்களின் ஒவ்வொரு அணுவிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று அடக்கப்பட்டுவிடுகிறது என்ற கருத்தை வெளியிட்டார். இரண்டும் வேலை செய்தால் புரதங்கள் இரட்டிப்பாகிவிடும். ஆகவே ஒன்றை மூடிவைக்க வேண்டும். அந்த மூடும் வேலையைச் செய்வது எக்ஸிஸ்ட் என்ற ஆர்.என்.ஏ. என்று பின்னால் தெரிந்தது. அது அந்தக் குரோமோசோமைப் போர்வைபோலச் சுற்றிக்கொள்கிறது, பல புரதங்களையும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்கிறது. 2024 பிப்ரவரியில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஹோவர்ட் சாங்கின் குழு ‘செல்’ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. ஆண் எலிகளுக்கு எக்ஸிஸ்ட் உண்டாகும்படி செய்தார்கள். நோய்க்கு இலகுவாக ஆட்படும் இனத்து எலிகளில், நோயைத் தூண்டும் பொருளையும் கொடுத்தபோது, அந்த ஆண் எலிகளுக்கும் பெண் எலிகளைப் போலவே லூபஸ் மாதிரியான நோய் வந்தது. லூபஸ் நோயாளிகளின் ரத்தத்திலோ அந்தப் போர்வையில் ஒட்டியிருக்கும் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. அணு சாகும்போது அந்தப் போர்வை வெளியே சிந்துகிறது. எதிர்ப்பணுக்கள் அதை அந்நியமாகப் படித்துவிடுகின்றன. இது முழு விடை இல்லை. ஹார்மோனும் மற்ற மரபணுக்களும் தொற்றும் வெயிலும் இருக்கின்றன. ஆனால் அந்த ஆண் எலிகள் யாருக்கும் விட்டுக்கொடுத்து வாழ்ந்தவை அல்ல.

மனிதர்களிலும் இதற்குச் சாட்சி உண்டு. இரண்டு எக்ஸும் ஓர் ஒய்யும் கொண்டு பிறக்கும் ஆண்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு மற்ற ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம், கிட்டத்தட்டப் பெண்களுக்கு இருக்கும் அளவு. இதைப் படித்த இரவு எனக்கு ஏற்பட்ட நிம்மதியை விளக்குவது கஷ்டம். அதுவரை கண்ணாடியில் கன்னத்துச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் என்ன தப்புச் செய்தேன் என்றுதான் தேடுவேன்.

இந்த நோய்க்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரும் எனக்குப் பிடிப்பதில்லை. தன்னுடல் தாக்குநோய். உள்நாட்டுப் போர், துரோகம், தற்கொலை எல்லாம் அதில் ஒலிக்கிறது. ஆங்கிலத்திலும் இந்தப் போர்மொழி உண்டு. எமிலி மார்ட்டின் என்ற மானிடவியலாளர் எதிர்ப்பாற்றலைப் பற்றி மருத்துவமும் ஊடகமும் பேசுகிற பேச்சை ‘ஃப்ளெக்சிபிள் பாடீஸ்’ நூலில் 1994லேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார். உடம்பு தன்னை வெறுக்கிறது என்று கேட்கிற பெண், நான் என்னை வெறுக்கிறேன் என்று எடுத்துக்கொள்வதற்கு ஓர் அடிதான் தூரம். 2025இல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவரின் வேலை வேறொரு மொழியைத் தருகிறது. எல்லோருடைய உடம்பிலும் தன்னையே தாக்கக்கூடிய அணுக்கள் சில எப்போதும் உண்டு. அவற்றை அடக்கி வைக்க வேறு அணுக்கள் இருக்கின்றன என்று 1995இல் சகாகுச்சி காட்டினார். அந்தக் காவலுக்கு ஃபாக்ஸ்பி3 என்ற மரபணு தேவை என்பதற்கு வழிதிறந்தது பிரன்கோவும் ராம்ஸ்டெல்லும் 2001இல் நோயுற்ற எலிகளில் கண்டுபிடித்த மரபணுக் கோளாறு. ஆகவே நோய் என்பது புதிதாக எழுந்த வெறுப்பு இல்லை, பொறுத்துப்போகும் ஏற்பாடு ஓரிடத்தில் தளர்ந்துபோவது. ‘பொறை’ என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் அதையும் பெண்கள்மேல்தானே ஏற்றிவைத்திருக்கிறோம். நல்ல பெயர் கிடைக்கும்வரை நான் லூபஸ் என்றே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் லத்தீனில் ஓநாய். எங்கே போனாலும் ஏதோ ஒரு மிருகம்.

எங்கள் ஊரில் இதற்குக் கைவசம் இருக்கும் உருவகம் முத்து. ரயிலுக்கே முத்துநகர் என்று பெயர். மகளிர் தின விழா ஒன்றில் என்னைப் பாராட்டிப் பேசியவர், சிப்பியின் வலிதான் முத்தாகிறது, அதுபோல இந்தச் சகோதரியின் நோய் அவர் எழுத்தில் முத்தாகியிருக்கிறது என்றார். கைதட்டினார்கள். எனக்கு அன்று மூட்டுவலிக்கு மாத்திரை போட நேரமாகிக்கொண்டிருந்தது. ஸ்டீராய்டில் உப்பிய முகத்தோடு மேடையில் உட்கார்ந்திருக்கிறேன், முத்தாம்.

முத்தைப் பற்றியாவது சரியாகத் தெரிந்துகொள்ளலாம். மணல் துகள் உறுத்துகிறது, வலி தாங்காமல் சிப்பி அதன்மேல் அழகைச் சுரக்கிறது என்ற கதை பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட வேண்டியது. மணலைச் சிப்பி துப்பிவிடும். முத்துச் சுரப்பதற்கு, சிப்பியின் ஓட்டை உண்டாக்கும் மேலுறைத் தசையின் அணுக்கள் உள்ளே எங்கோ போய்ச் சேர்ந்து ஒரு பை மாதிரி வளர வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் தூத்துக்குடிக்கு அருகில் வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அழகர்சாமியும் குழுவும் 1973இல் வளர்ப்பு முத்தை எடுத்தார்கள். ஒரு சிப்பியின் மேலுறையிலிருந்து சின்னத் துண்டு நறுக்கி, ஓட்டில் கடைந்த உருண்டை மணியோடு சேர்த்து இன்னொரு சிப்பிக்குள் வைக்க வேண்டும். வேறொரு உயிரின் சதை அது. அதை அந்தச் சிப்பி ஏற்றுக்கொண்டால் முத்து. சில சிப்பிகள் மணியை வெளியே தள்ளிவிடும், சில செத்துப்போகும். ஆக முத்து என்பது வலியின் பரிசு அல்ல. ஒரு சதைத்துண்டு பிழைத்துக்கொண்டதன் விளைவு. நெடுங்காலம் முத்து எடுத்த விதத்தையும் நினைத்துப்பாருங்கள். சிப்பியைக் கரையில் குவித்து அழுகவிட்டு, புழுத்த சதையை அலசி முத்தைப் பொறுக்குவார்கள். முத்து வெளியே வந்தபோது சிப்பி இல்லை. இதைத் தெரிந்தவர்கள் பெண்ணைச் சிப்பி என்று வாழ்த்த மாட்டார்கள்.

உருவகத்தை விட்டுவிட்டு ஆராய்ச்சியைக் கேட்பதால் என்ன கிடைக்கும் என்று என் தோழி கேட்டாள். அவளுக்கு நான் சொன்னது உயிர்க்கணக்கு. 1955இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லூபஸ் கண்டறியப்பட்டவர்களில் நான்கு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் பாதிப் பேர்தான். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் ஐந்து வருஷத்துக்குப் பிறகும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அந்த வித்தியாசத்துக்குள் நானும் இருக்கிறேன். ஸ்டீராய்டு மருந்தாக வந்த கதையிலேயே பெண்கள் இருக்கிறார்கள். மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதம் உள்ள பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வீக்கம் வடிந்துபோவதைக் கவனித்தார். கர்ப்பத்தில் மனசு சந்தோஷமாக இருக்கும் என்று அவர் முடித்துவிடவில்லை. உடம்பில் ஏதோ ஒரு பொருள் சுரக்கிறது என்று பல வருஷம் தேடினார். 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்குக் கார்டிசோன் முதன்முதலாகச் செலுத்தப்பட்டது; படுக்கையில் கிடந்தவர் சில நாளில் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச் உள்ளிட்ட மூவருக்கு நோபல். முகம் உப்புவதும் எலும்பு தேய்வதும் பின்னால் தெரியவந்த கதை.

கர்ப்பம் என்றதும் இன்னொன்று. லூபஸ் உள்ள பெண்கள் பிள்ளை பெறவே கூடாது என்று மருத்துவர்கள் சொன்ன காலம் உண்டு. குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கியிருந்த பிறகு திட்டமிட்டுக் கருத்தரிக்கலாம், ஹைட்ராக்ஸிகுளோரோகுயினை நிறுத்த வேண்டாம், மைக்கோஃபினோலேட்டை முன்கூட்டியே மாற்ற வேண்டும், ரத்தத்தில் ‘ரோ’ எதிர்ப்பொருள் இருந்தால் குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்க வேண்டும் என்றெல்லாம் இன்று சொல்ல முடிகிறது. இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னாலும் தன் கர்ப்பத்தைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்ட நூற்றுக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள்.

மருத்துவ ஆராய்ச்சிக்கு நான் விளக்கேற்றிக் கும்பிடவும் இல்லை. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல், பிள்ளை பெறக்கூடிய வயதில் இருக்கும் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. 1993இல்தான் அது மாற்றப்பட்டது. பெண்களுக்கே அதிகம் வரும் நோய்களின் மருந்தை, பெண்களை வெளியே நிறுத்திவிட்டுத் தேடிய காலம். லூபஸுக்கென்றே ஒப்புதல் பெற்ற புதிய மருந்து ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வரவில்லை. 2011இல் பெலிமுமாப் வந்தது. 2020 மார்ச்சில் நடந்தது நமக்கே நினைவிருக்கும். கொரோனாவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் மருத்துவப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பரிந்துரைக்கப்பட்டது. அவ்வளவுதான், ஊரே மருந்துக்கடைக்கு ஓடியது. நான் தினமும் போடுகிற மாத்திரை ஐந்து கடையில் இல்லை. ஆறாவது கடைக்காரர் “கொரோனாவா மேடம்?” என்று கேட்டபடி இரண்டடி பின்னால் போனார். அந்த மருந்து கொரோனாவுக்கு உதவவில்லை என்று அதே வருஷம் பெரிய சோதனைகள் காட்டின. லூபஸுக்கு உதவும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்ததுதான். யாருடைய பயத்துக்கு மருந்து முதலில் போகும் என்பதையும் அந்த மாதம் கற்றுக்கொண்டேன்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இன்னும் நிறைய ஆராய்ச்சி, அதிலும் நம் பெண்களின் உடம்பை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி. இந்திய லூபஸ் நோயாளிகளை நோயின் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்து தொடரும் ‘இன்ஸ்பயர்’ என்ற கூட்டாய்வு பல மையங்களில் நடக்கிறது, புதுச்சேரி ஜிப்மரும் அதில் உண்டு. நல்ல தொடக்கம். தூத்துக்குடியிலிருந்து பார்க்கும்போது இன்னும் சில கேள்விகள் பாக்கி இருக்கின்றன. லூபஸில் வெயில் விஷம். புற ஊதாக் கதிர் பட்ட தோல் அணுக்கள் செத்து உடைகின்றன, உள்ளே இருப்பது வெளியே சிந்துகிறது, எதிர்ப்பணுக்கள் விழித்துக்கொள்கின்றன. வெயிலில் போகாதீர்கள், சன்ஸ்கிரீன் போடுங்கள், குடை பிடியுங்கள் என்பார்கள். உப்பளத்தில் குடை எங்கே பிடிப்பது? மேலே சூரியன், கீழே பாத்தி முழுக்க வெள்ளை, ஒளி இரண்டு பக்கமிருந்தும் அடிக்கிறது. தலையில் உப்புச் சுமை. முகத்தில் சிவப்பு வந்தால் வெயிலில் கருத்துவிட்டது என்று சொல்லிவிடலாம், மூட்டு வீங்கினால் சுமை தூக்கியதால் என்று சொல்லிவிடலாம். உப்பளத்துப் பெண்ணுக்கு லூபஸ் என்று யாருக்குத் தோன்றும்? என் நோய்க்கு மனசைக் காரணம் காட்டினார்கள், அவள் நோய்க்கு வேலையைக் காட்டுவார்கள். உப்பளத்தில் ஒரு முறையாவது ஏ.என்.ஏ. ஊசியோடு போய் உட்கார்ந்து பார்க்கச் சொல்லி நாம் கேட்கலாம். அதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு ஓர் ஆள் காரணம். மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் இடத்தில் எனக்குப் பழக்கமானவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். வேம்பாரை ஒட்டிய ஊர், பதினாறு வயதிலிருந்து உப்பளம். புத்தகத்தைப் பற்றிய வாக்குவாதம் நடந்த வாரம் அவரும் நானும் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

“டீச்சர், நீங்க படிச்சவிய. எனக்கு ஏன் இது வந்துச்சி? எங்க வீட்டுல வாயி நீளம், எல்லாரையும் ஏசிக்கிட்டே இருக்கியே, அந்தப் பாவந்தாம்னு சொல்லுதாவ.”

மாட்டேயைப் படித்திருந்தால் அவருக்கு இந்த நோயே வந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு எக்ஸைப் பற்றிச் சொன்னேன். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, ஒன்றைப் போர்த்தி மூடிவைக்கும் போர்வை, அது சிந்துவது. கையில் இருந்த ரிப்போர்ட் கவரின் பின்பக்கம் படம் போட்டும் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

“அப்ப எங்கப்பனும் ஒண்ணு குடுத்திருக்காரு?”

“ஆமாக்கா.”

“குடிச்சே எல்லாத்தையும் அழிச்ச மனுசன், டீச்சர். இதையாவது குடுத்துட்டுப் போயிருக்காரே” என்று சத்தமாகச் சிரித்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கவரைத் தனக்குத் தரச் சொல்லி வாங்கி மடித்து, சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் காட்ட வேண்டுமாம்.